ஏதென்ஸிலிருந்து எயினா தீவு: ஒரே நாளில் கப்பலில் போய்வர முழுமையான வழிகாட்டி

ஏதென்ஸில் அக்ரோபோலிஸைப் பார்த்து முடித்த மறுநாள், கையில் ஒரு நாள் மிச்சமிருக்கும். “ஒரு தீவையாவது பார்த்துவிட்டுப் போகலாமே” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உடனே வாயில் வரும் பெயர் சாண்டோரினி. அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்கு விரைவுக் கப்பலிலேயே ஐந்து மணி நேரம் ஆகும், பெரிய கப்பலென்றால் எட்டு மணி நேரம் வரை இழுக்கும். மைக்கோனோஸும் பக்கத்தில் இல்லை. காலையில் போய் மாலையில் திரும்ப ஏதென்ஸ்காரர்களே தேர்ந்தெடுப்பது வேறு திசையில், சரோனிக் வளைகுடாவுக்குள் இருக்கிறது. அதில் முதலிடம் எயினாவுக்கு.

ஆங்கில வரைபடங்களில் இதை ‘ஏஜினா’ என்று படிப்போம். உள்ளூரில் ‘எயினா’ என்றால்தான் புரியும். பரப்பு சுமார் 87 சதுர கிலோமீட்டர். சாதாரணக் கார் ஃபெர்ரியில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். 2,500 வருடப் பழமையான கோவில் ஒன்று, பிஸ்தா தோப்புகள், நீந்தக் கடல், உட்கார்ந்து சாப்பிட மீன் சந்தைச் சந்து எல்லாம் இந்தத் தீவில் இருக்கின்றன. அதைவிட முக்கியம், இது சுற்றுலாவுக்காக மட்டும் கதவைத் திறந்து மூடும் ஊரில்லை. பதின்மூன்றாயிரம் பேர் ஆண்டு முழுதும் வாழ்கிற ஊர். பள்ளிக்கூடமும் வங்கியும் மருந்துக்கடையும் துறைமுகத்தை ஒட்டியே இருக்கும். நீங்கள் ஏறும் கப்பலில் சிமெண்ட் மூட்டையும் காய்கறி லாரியும் ஏறும்.

ஒரே நாளில் ஹைட்ரா, போரோஸ், எயினா மூன்றையும் காட்டுகிறோம் என்று சுற்றுலாக் கப்பல்கள் உண்டு. பகலில் பெரும்பகுதி கப்பலிலேயே போய்விடும். ஒவ்வொரு தீவிலும் இறங்கி, கடைத்தெருவில் நடந்து, மறுபடி ஏறத்தான் நேரமிருக்கும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு தீவுக்கு ஒரு முழுப் பகலைக் கொடுங்கள்.

திரும்பும் கப்பலிலிருந்து தொடங்குங்கள்

பயணத்தைத் திட்டமிடும்போது எல்லோரும் காலைக் கப்பலைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மாலையில் தீவிலிருந்து புறப்படும் கடைசி இரண்டு கப்பல்களை. கடைசிக்கு முந்தையதில் திரும்புவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அது தவறினாலும் கடைசிக் கப்பல் கைகொடுக்கும். கடைசியையே நம்பிப் போனால் அன்று மத்தியானம் முழுக்கக் கையில் கடிகாரத்தோடு அலைய வேண்டியிருக்கும். எயினாவுக்குக் கப்பல்கள் அடிக்கடி ஓடுவதால் கோடையில் இது பெரிய சிக்கலில்லை. குளிர்காலத்தில் எண்ணிக்கை குறையும்.

அடுத்து, எந்தக் கிழமை? வெள்ளி மாலையும் சனி காலையும் ஏதென்ஸே தீவுக்குக் கிளம்பும். ஞாயிறு மாலை அத்தனை பேரும் திரும்புவார்கள். செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைப் பிடித்தால் கப்பலில் விரும்பிய இருக்கை, பேருந்தில் இடம், உணவகத்தில் பேச நேரமுள்ள பரிமாறுபவர் என எல்லாமே சுலபம். மாதங்களில் மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்லவை. பிஸ்தா அறுவடையைப் பார்க்க ஆசையென்றால் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். மே 1 அன்று மட்டும் போக நினைக்காதீர்கள். தொழிலாளர் தினத்தில் கப்பல், மெட்ரோ எல்லாவற்றிலும் வேலைநிறுத்தம் நடப்பது அங்கே வழக்கம். மற்ற நாட்களிலும் கடலோடிகள் சங்கம் வேலைநிறுத்தம் அறிவிப்பதுண்டு. முன்கூட்டியே செய்தி வந்துவிடும், அதனால் முதல் நாள் இரவு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் பாருங்கள். காற்று அளவு மீறினால் கடலோரக் காவல்படை கப்பல்களை நிறுத்தி வைக்கும். சரோனிக் வளைகுடா ஓரளவு ஒதுக்கமானது, ஏஜியன் நடுக்கடல் அளவுக்கு அங்கே ஆட்டமில்லை. இருந்தாலும் ஊருக்குத் திரும்பும் விமானம் அன்றிரவோ மறுநாள் விடிகாலையோ இருக்குமானால் இந்தப் பயணத்தை வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள். தீவில் ஓர் இரவு மாட்டிக்கொள்வது தண்டனையில்லை. ஆனால் விமானத்தை விட்டுவிட்டால் நஷ்டம் பெரிது.

மெதுவான கப்பலா, வேகமானதா?

இரண்டு வகை ஓடுகின்றன. ஒன்று கார் ஃபெர்ரி. திறந்த மேல்தளம், உள்ளே குளிரூட்டிய கூடம், காபிக் கடை எல்லாம் இருக்கும். இன்னொன்று ‘பறக்கும் டால்ஃபின்’ என்று அழைக்கப்படும் ஹைட்ரோஃபாயில். சோவியத் காலத்தில் கட்டப்பட்ட கோமேட்டா வகைக் கலங்கள் இவை. அடியில் இறக்கை போன்ற தகடுகள் உண்டு. வேகம் எடுத்ததும் உடல் தண்ணீரை விட்டு மேலெழும். நாற்பது நிமிடத்தில் எயினா வந்துவிடும். கட்டணம் மிக அதிகம், வெளியில் நின்று கடல் பார்க்க இடமும் கிடையாது, காற்று வலுத்தால் முதலில் நிறுத்தப்படுவதும் இதுதான்.

போகும்போது கார் ஃபெர்ரியிலேயே போங்கள். அந்த ஒன்றேகால் மணி நேரமும் பயணத்தின் பாதி இன்பம். திரும்பும்போது குழந்தைகள் களைத்துப்போயிருந்தால் ஹைட்ரோஃபாயிலை யோசிக்கலாம்.

டிக்கெட் வாங்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது துறையின் பெயர். எயினா தீவில் கப்பல் தொடும் இடங்கள் ஒன்றுக்கு மேல். எயினா நகரம் மேற்குக் கரையில், சூவாலா வடக்கில், அயியா மரீனா கிழக்கில். கோடையில் சில கப்பல்கள் இந்தச் சிறு துறைகளுக்கும் போகும். போகும் துறை ஒன்று, திரும்பும் துறை வேறொன்று என்று டிக்கெட் எடுத்துவிட்டால் மாலையில் தீவின் குறுக்கே ஓட வேண்டிவரும். இரண்டு டிக்கெட்டிலும் எயினா நகரம் என்றே இருக்கட்டும். இரண்டாவது, ஒரே தடத்தில் பல நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஒருவர் டிக்கெட் இன்னொருவர் கப்பலில் செல்லாது. அதனால் போகவர ஒரே நிறுவனத்தில் கட்டிப்போடாமல் தனித்தனி ஒருவழி டிக்கெட்டாக எடுப்பது வசதி. வாரநாளில் கப்பலுக்கு எதிரிலுள்ள டிக்கெட் கூண்டிலேயே வாங்கிவிடலாம். வாரக்கடைசி, ஆகஸ்ட் மாதம் என்றால் இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள்.

டிக்கெட்டில் பெயர் அச்சாகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள், பாஸ்போர்ட்டையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசாவில் வந்திருக்கும் நம்மவர்கள் சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கும். இது நாட்டுக்குள்ளேயே நடக்கும் பயணம். குடியேற்றச் சோதனை கிடையாது, விசாக் கணக்கும் மாறாது.

பிரேயஸ் துறைமுகத்தில் எட்டாம் வாசல்

ஏதென்ஸ் நகர மையத்தில் தங்கியிருந்தால் மொனாஸ்திராகி நிலையத்தில் பச்சைத் தடத்தில் ஏறுங்கள். இருபது நிமிடத்தில் கடைசி நிலையம் பிரேயஸ். 1869இல் ரயில் ஓடத் தொடங்கிய பழைய பாதை இது. நீலத் தடமும் 2022 அக்டோபரிலிருந்து பிரேயஸுக்கு வருகிறது, விமான நிலையத்திலிருந்து வண்டி மாறாமலே வந்துவிடலாம். ஆனால் நீலத் தடத்தின் கடைசி நிலையம் பிரேயஸ் அல்ல, அதற்கு முந்தையது. தூங்கிவிடாதீர்கள். பச்சைத் தடத்தில் கூட்டம் நெரிக்கும்போது ஜேப்படி நடக்கும். முதுகுப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், கைப்பேசியைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

பிரேயஸ் பெரிய துறைமுகம். வாசல்களுக்கு எண் போட்டிருப்பார்கள், எண்ணுக்கு முன்னால் ‘E’ என்ற எழுத்து இருக்கும். எயினா கப்பல்களுக்கு எட்டாம் வாசல். நிலையத்திலிருந்து வெளியே வந்து கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கமாகப் பத்து நிமிட நடை. பலர் நிலையத்துக்கு நேர் எதிரே நிற்கும் பிரம்மாண்டமான கப்பல்களைப் பார்த்துவிட்டு அங்கேயே வரிசையில் நின்றுவிடுவார்கள். அவை பெரும்பாலும் தொலைதூரத் தீவுகளுக்குப் போகிறவை. எயினா கப்பல்கள் அவற்றைவிடச் சின்னவை.

புறப்படும் நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னால் எட்டாம் வாசலில் இருங்கள். கிரேக்கத்தில் பேருந்து தாமதமாகலாம், கப்பல் மட்டும் நேரத்துக்குக் கிளம்பும்.

ஏறுவதும் உட்காருவதும்

கார் ஃபெர்ரி கரைக்குப் பின்பக்கத்தைக் காட்டி நிற்கும். பின்கதவு அப்படியே தரையில் சாய்ந்து பாலமாகிவிடும். அதே பாலத்தில்தான் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் மனிதர்களும் ஏற வேண்டும். ஓரமாக நடங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். உள்ளே போனதும் படிக்கட்டு இருக்கும், நேரே மேல்தளத்துக்கு ஏறிவிடுங்கள்.

காலையில் வலப்பக்கம் உட்காருவது நல்லது. கப்பல் தென்மேற்காகப் போவதால் வெயில் இடப்பக்கம் விழும். வலப்பக்கம் நிழலும் உண்டு, காட்சியும் உண்டு. துறைமுகத்தை விட்டு வந்த சிறிது நேரத்தில் வலது கையில் நீளமாகத் தெரிவது சலமிஸ் தீவு. கி.மு. 480இல் பாரசீகப் பெருங்கடற்படையைக் கிரேக்க நகரங்களின் சிறிய படை ஒடுக்கமான நீருக்குள் இழுத்து உடைத்த இடம் அதன் அருகில்தான். அந்தப் போரில் வீரத்துக்கான முதற்பெயரை வாங்கியவர்கள் ஏதென்ஸ்காரர்கள் அல்ல, எயினாக்காரர்கள். இதை எழுதிவைத்தவர் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். ஆனால் அரை நூற்றாண்டுக்குள், கி.மு. 431இல், ஏதென்ஸ் அதே எயினா மக்களைத் தீவை விட்டே துரத்தியது. வாணிகத்தில் போட்டியாகக் கண்ணெதிரே நின்ற தீவை ‘பிரேயஸின் கண்பீளை’ என்றாராம் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ். இன்று அதே நீரில் துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும்.

வயிற்றைப் புரட்டும் ஆள் என்றால் ஊரிலிருந்தே அவோமின் மாத்திரை கொண்டுபோய், மருத்துவர் சொன்னபடி ஏறுவதற்கு முன் போட்டுக்கொள்ளுங்கள். தளத்தில் காற்று வாங்கும் இடத்தில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். கைப்பேசியைக் குனிந்து பார்த்தால் குமட்டல் அதிகமாகும்.

எதிரே கூம்பாக ஒரு மலை எழும். ஓரோஸ் என்று பெயர், 532 மீட்டர். அதன் உச்சியில் மேகம் படிந்தால் மழை வரும் என்று பண்டைய கிரேக்கர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். எயினா நெருங்கும்போது அறிவிப்பு வரும். அப்போது கீழே வண்டிகள் நிற்கும் தளத்துக்கு இறங்க வேண்டும். சில கப்பல்கள் எயினாவோடு நிற்காமல் அங்கீஸ்திரி, போரோஸ் என்று மேலே போகும், அதனால் அறிவிப்பைக் கேட்டதும் எழுந்துவிடுங்கள். கப்பல் கரையில் நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தான்.

இறங்கியதும் பேருந்து நேரத்தைப் பாருங்கள்

துறைமுகத்தில் முதலில் கண்ணில் படுவது துறைமேடையில் நிற்கும் வெள்ளைநிறக் குட்டித் தேவாலயம். கடலோடிகளின் காவலரான புனித நிக்கோலாஸுக்கு உரியது. படம் எடுக்கக் கூட்டம் அங்கே நிற்கும்போது நீங்கள் இடப்பக்கம் திரும்பிப் பேருந்து நிலையம் போங்கள். துறைமுகத்தை ஒட்டிய சதுக்கத்தில்தான் இருக்கிறது, நடந்தே போகலாம். அயியா மரீனா போகும் பேருந்து அடுத்து எப்போது, அங்கிருந்து திரும்புவது எப்போது என்று இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல்முறை போனபோது நான் கரையோரம் காபி குடித்துக்கொண்டே ஒரு பேருந்தை விட்டுவிட்டேன். அடுத்தது வர வெகுநேரம் ஆனது. கோவில் வாசலை அடைந்தபோது உச்சி வெயில். அம்மாவால் பாறையில் நடக்க முடியவில்லை. வேலிக்கு வெளியே பைன் மரத்தடியில் அவர் உட்கார்ந்துவிட, நான் மட்டும் உள்ளே போய் அவசரமாகச் சுற்றிவிட்டு வந்தேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி அவரை அழைத்துப் போய், இறங்கியதும் நேரே பேருந்தில் ஏற்றினேன். காபி கோவிலுக்கு எதிரிலுள்ள சிற்றுண்டிக் கடையில் குடித்தோம்.

நாலு பேராக இருந்தால் டாக்ஸியும் மோசமில்லை. ஏறும் முன்பே கட்டணத்தைக் கேளுங்கள், திரும்பி வர எப்போது கிடைக்கும் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை எடுத்துவர வேண்டும். சாலை வளைந்து வளைந்து போகும்.

அஃபயா கோவில்

எயினா நகரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். பேருந்து பிஸ்தா தோப்புகளுக்கு நடுவே கிழக்கே போய், மலையேறி, பைன் காட்டுக்குள் ஒரு திருப்பத்தில் நிறுத்தும். கோவில் நிறுத்தம் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இது கி.மு. 500ஐ ஒட்டிக் கட்டப்பட்டது, அதாவது அக்ரோபோலிஸ் மேலுள்ள பார்த்தினன் கோவிலுக்கு இரண்டு தலைமுறை மூத்தது. டோரிக் என்ற எளிமையான கிரேக்கத் தூண் பாணி. முன்பக்கம் ஆறு தூண், பக்கவாட்டில் பன்னிரண்டு. சுற்றுத் தூண்கள் 32இல் இருபதுக்கு மேல் இன்னும் நிற்கின்றன. நெருங்கிப் போய்த் தூண்களைப் பாருங்கள். ஏதென்ஸில் பார்த்த தூண்கள் வட்டத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. இங்கே மூன்றைத் தவிர மற்ற சுற்றுத் தூண்களெல்லாம் ஒற்றைக் கல். பளிங்கும் அல்ல, உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல். அதன் சொரசொரப்பை மறைக்க மேலே சுதை பூசி வண்ணமும் தீட்டியிருந்தார்கள். நம் கோபுரங்களில் சுதையும் வண்ணமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. கிரேக்கக் கோவில் என்றாலே வெள்ளை என்ற எண்ணம் இங்கே உடையும்.

கருவறைக்குள் இரண்டு அடுக்குத் தூண்வரிசை இருந்தது. கீழே ஒன்று, அதன் மேல் சிறியதாக இன்னொன்று. அந்த மேலடுக்கின் ஒரு பகுதியை மறுபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கூரை தாங்கிய விதத்தைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

அஃபயா இந்தத் தீவுக்கே உரிய தெய்வம். கிரீட் தீவில் மினோஸ் அரசன் துரத்த, பிரிட்டோமார்ட்டிஸ் என்ற பெண் தப்பிக்கக் கடலில் குதிக்கிறாள். மீனவர் வலை அவளைக் காக்கிறது. எயினா வந்து சேர்ந்தவள் காட்டுக்குள் ஓடிக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறாள். மறைந்தவள் என்ற பொருளில் அஃபயா என்று பெயர். துரத்தலுக்கு அஞ்சி ஓடிய பெண் தெய்வமாகும் கதை நம் கிராமங்களிலும் கொஞ்சநஞ்சமா இருக்கிறது? அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னதும் தூண்களை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பைன் மரங்களைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூரை முகப்பில் ட்ராய் போர்க் காட்சிச் சிலைகள் இருந்தன. 1811இல் ஆங்கில, ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்கள் சிலர் தோண்டி எடுத்துத் தீவை விட்டுக் கொண்டுபோனார்கள். பவேரிய இளவரசர் லூட்விக் அவற்றை வாங்கினார். இன்று அவை மியூனிக்கின் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோவிலைப் பார்த்துவிட்டு அந்த வெற்று முகப்பை நிமிர்ந்து பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. எந்த மலைக்காக, எந்த வெளிச்சத்துக்காகச் செதுக்கினார்களோ அந்த இடத்தில் அவை இல்லை. ஐரோப்பியப் பயணத்தில் மியூனிக்கும் இருந்தால் அங்கே போய் மீதியைப் பாருங்கள்.

தெளிவான நாளில் மேட்டிலிருந்து வடக்கே ஏதென்ஸ் தெரியும். ஒரு மணி நேரமாவது இருங்கள். தொப்பி, தண்ணீர், வழுக்காத செருப்பு கட்டாயம். குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், கடும் வெப்ப அலை நாட்களில் கிரேக்கத் தொல்லிடங்கள் நண்பகலில் அடைக்கப்படுவதுமுண்டு. அன்றைய நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்து இரண்டு வழி. நீந்த விரும்பினால் பைன் காட்டு வழியே கீழே அயியா மரீனாவுக்கு இறங்குங்கள். மணல் கரை, ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும், குழந்தைகளுக்கு ஏற்றது. நீச்சல் வேண்டாமென்றால் ஊர் திரும்பும் பேருந்தில் ஏறிப் பாதி வழியில் புனித நெக்தாரியோஸ் மடாலயத்தில் இறங்கலாம்.

இந்த மடாலயம் சுற்றுலாத் தலம் அல்ல, கிரேக்கர்களின் பெரிய யாத்திரைத் தலம். 1920இல் மறைந்த நெக்தாரியோஸ் 1961இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நோய் தீர வேண்டி வருகிறவர்கள் அவருடைய பளிங்குக் கல்லறையில் காது வைத்துக் கேட்பார்கள். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திப் போங்கள், படம் எடுக்காதீர்கள். மடாலயத்துக்கு எதிர்மலையில் பலேயோகோரா. 1537இல் ஒட்டோமன் கடற்படைத் தளபதி பார்பரோசாவின் தாக்குதலில் சூறையாடப்பட்டும் மீண்டும் எழுந்து, பிறகு கைவிடப்பட்ட பழைய தலைநகர். வீடுகள் இடிந்து போக, முப்பதுக்கும் மேற்பட்ட குட்டித் தேவாலயங்கள் மட்டும் மலை முழுக்கச் சிதறி நிற்கின்றன. ஏற நேரமும் தெம்பும் வேண்டும். ஒரே நாளில் கோவில், பலேயோகோரா, நீச்சல் மூன்றும் நடக்காது. நான் எப்போதும் பலேயோகோராவைத்தான் விட்டுவிடுவேன்.

சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

எயினா நகரில் துறைமுகச் சாலைக்கு ஒரு வரிசை பின்னால் மீன் சந்தை. அதன் சந்திலேயே மேசை போட்ட உணவகங்கள் இருக்கும். கணவாய், நெத்திலி, கரியில் சுட்ட ஆக்டோபஸ் கிடைக்கும். முழுமீன் விலை கிலோ கணக்கில் எழுதியிருப்பார்கள். சமைப்பதற்கு முன் எடை போடச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. உறைய வைத்த மீன் என்றால் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி அல்லது ஒரு சுருக்கெழுத்து இருக்கும்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் விரத நாட்கள் ஏராளம். அந்தச் சமையலே நம்மைக் காப்பாற்றும். ஃபாவா என்பது மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டது. நெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய் விட்ட பருப்பு என்று நினைத்துச் சாப்பிடலாம். யிகாந்தெஸ் என்பது தக்காளியில் சுட்ட பெரிய வெள்ளை மொச்சை மாதிரியான பயறு. ஹோர்த்தா என்றால் வேகவைத்த காட்டுக்கீரை, மேலே எலுமிச்சை பிழிந்துகொள்ள வேண்டும். பிரியாம், கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சுரைக்காய் வகையும் சேர்த்துச் சுட்ட காய்க்கூட்டு. யெமிஸ்தா, தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் அரிசி அடைத்தது. சில வீடுகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், அதனால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ‘ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்ஸாரி’ என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விரத உணவை ‘நிஸ்திசிமோ’ என்பார்கள். பால், முட்டை, இறைச்சி எதுவும் இருக்காது என்று நம்பி ஆர்டர் செய்தால் தட்டில் கணவாயோ இறாலோ வரக்கூடும். இரத்தமில்லாதவை என்று அவர்கள் கருதும் கடலுயிர்கள் விரதத்தில் விலக்கல்ல. நிஸ்திசிமோ என்று சொல்வதோடு நிறுத்தாமல் கடலுணவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் வாங்குங்கள், தீவில் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. கழிப்பறையில் காகிதத்தைப் பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும், குழாய்கள் குறுகலானவை.

மத்தியானம் ஊருக்குள்

இரண்டு மணிக்கு மேல் கடைகள் பல அடைத்துவிடும். ஊரே தூங்கும். அந்த நேரத்தில் துறைமுகத்துக்கு வடக்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் கொலோனா குன்று. அப்பல்லோ கோவிலின் ஒற்றைத் தூண் மட்டும் அங்கே நிற்கிறது. கோவில் கற்களையெல்லாம் வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடலோடிகளுக்கு அடையாளமாக இருந்த இந்தத் தூண்தான் குன்றுக்குப் பெயர் கொடுத்தது. அருகிலேயே சிறு அருங்காட்சியகம், கீழே குளிக்கக் கரை. துண்டு எடுத்து வந்திருந்தால் ஒரு மணி நேரம் கடலில் கிடக்கலாம்.

நாணயத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்த ஊர் ஒரு புதையல். கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே கடலாமை பொறித்த வெள்ளிக் காசுகளை எயினா அடித்தது. கிரேக்க உலகில் மிகப் பழையவற்றுள் அவை அடங்கும். இரண்டாயிரத்து முன்னூறு வருடம் கழித்து, 1828 ஜனவரியில், விடுதலை பெற்றுவந்த கிரேக்கத்தின் முதல் ஆளுநர் இயோனிஸ் கபோதிஸ்திரியாஸ் இங்கே வந்திறங்கினார். தலைநகரம் நாஃப்பிளியோவுக்கு மாறும்வரை புதிய அரசு இங்கிருந்துதான் நடந்தது. அதன் முதல் காசான ஃபீனிக்ஸும் இந்தத் தீவில்தான் அச்சானது. துறைமுகத்தின் பின்தெருக்களில் தெரியும் பழைய வீடுகள் பல அந்தக் காலத்து வாசனையோடு நிற்கின்றன.

பிஸ்தா வாங்குவது

துறைமுகச் சாலை முழுக்கப் பிஸ்தாக் கடைகள். ‘ஃபிஸ்திகி எயினாஸ்’ (எயினா பிஸ்தா) ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு பெற்ற பெயர், நம் ஊர்ப் புவிசார் குறியீடு போல. ஓடு இயற்கையாகவே நன்றாகப் பிளந்திருக்கும், பருப்பு உருண்டு சுவையாக இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தின் கடையும் துறைமுகத்திலேயே உண்டு. எங்கே வாங்கினாலும் முதலில் ஒன்று தின்று பாருங்கள், கேட்டால் தருவார்கள். இந்த வருட அறுவடையா என்று கேளுங்கள். ஓட்டோடு வாங்குவதே நல்லது, நாள்பட இருக்கும். வறுத்து உப்பிட்டதும் உண்டு, உப்பில்லாததும் உண்டு. வீட்டுப் பாயசத்துக்கும் அல்வாவுக்கும் உப்பில்லாததைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பஸ்தேலி என்று ஒன்று விற்பார்கள், தேனில் பிடித்த பிஸ்தா. நம் கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

விலை மலிவாக இருக்காது. பிஸ்தா மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. காய்ப்பது பெண் மரம் மட்டும். ஒரு வருடம் நிறையக் காய்த்தால் மறுவருடம் குறையும். தண்ணீர் குறைந்த தீவில் அதை வளர்த்துக் காய வைத்து எடுப்பதற்கான விலை அது.

திரும்பும்போது

புறப்பாட்டுக்கு அரை மணி முன்னால் துறைமேடைக்கு வந்துவிடுங்கள். பல கப்பல்கள் அடுத்தடுத்து வரும். டிக்கெட்டிலுள்ள கப்பல் பெயரையும் எதிரே நிற்கும் கப்பலின் மேல் எழுதியிருக்கும் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரேயஸ் போகிறதா என்று பாலத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எதிர்த்திசையில் அங்கீஸ்திரி போகும் கப்பலும் அதே இடத்தில் நிற்கும்.

ஏறியதும் இந்தமுறை இடப்பக்கம். சூரியன் சலமிஸ் பக்கமாக இறங்கும். மெல்லிய ஜாக்கெட் எடுத்து வந்திருந்தால் இப்போது போட்டுக்கொள்ளுங்கள், கோடையிலும் மேல்தளத்தில் காற்று குளிரும். கப்பல் திரும்பும்போது பின்பக்கம் போய் நின்றால் வெள்ளைத் தேவாலயமும் துறைமுக விளக்குகளும் சிறுத்துக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். அம்மா அங்கேதான் நின்றார், கையில் பிஸ்தாப் பொட்டலத்தோடு, ஓரோஸ் மலை இருட்டில் கரையும்வரை.